பதினொரு மணிக்கு ஒரு எண்

காலை பதினொரு மணி நெருங்கினாலே அவளுக்குக் குமட்ட ஆரம்பித்துவிடும்.

குமட்டுவதற்கு அவள் வேலை பார்க்கும் இடத்தில் வேறு காரணங்களுக்கும் பஞ்சமில்லை. பல்செட் செய்யும் பட்டறை அது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே பெயரைக் கிறுக்கி அனுப்பிவிடுவார்கள். கழுவித்தான் அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. எவன் கழுவுகிறான்? பையைப் பிரித்தால் அடுத்தவன் எச்சில், ஓரத்தில் காய்ந்த ரத்தம், பல்லிடுக்கில் கிடந்த சாப்பாட்டின் மிச்சம் எல்லாம் அப்படியே வந்திருக்கும். அவள் அதைக் கழுவி, பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாக நட வேண்டும். பதினான்கு வருஷமாகச் செய்கிற வேலைதான். ஒரு காலத்தில் அச்சைப் பார்த்தே ஆளைச் சொல்வாள். இவர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர், இந்த அம்மா வலது பக்கமே மெல்லுகிறவர் என்று அவள் சொன்னால் பட்டறையே சிரிக்கும். இந்த எட்டு மாதமாக எந்த வாயைப் பார்த்தாலும் அவளுக்கு ஒன்றுதான் தெரிந்தது. ஈரமான, நாறுகிற ஓட்டை.

அதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம். பதினொரு மணிக்கு முதலாளி மேஜையில் இருக்கிற போன் அடிக்குமே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"உன் வீட்டுக்காரர்தாம்மா," என்று முதலாளி ரிசீவரை நீட்டுவார். நீட்டிவிட்டு நகரவும் மாட்டார். அந்தப் பக்கம் பல்லுக்கு மெருகு போடுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். பிளாஸ்டர் வழிகிற கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு அவள் நிற்பாள்.

"மெசேஜ் வந்துடுச்சு. இன்னிக்கு எத்தனை?" என்பான் அவள் புருஷன்.

"மூணு."

"மூணா? நேத்தும் மூணுதானே சொன்னே? யோசிச்சுச் சொல்லு. நாலு போடட்டுமா?"

"மூணுன்னா மூணு."

"சரி, மனசுல என்ன நினைப்பு வந்துச்சாம்?"

"ஒண்ணும் வரல."

"அப்படி எழுதினா நல்லாவா இருக்கும்? ஏதாவது சொல்லேன்."

"ஒண்ணும் வரலன்னு எழுதுங்க." ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் மெருகு போடுகிறவர் அவசரமாக மெஷினைத் தட்டிவிடுவார். இல்லாத ஒரு பில்லை முதலாளி மேஜையில் தேடுவார். அவர்கள் பரிதாபப்பட்டதுதான் அவளுக்கு எச்சிலைவிட அசிங்கமாக இருந்தது.

இந்தக் கூத்து ஆரம்பித்தது ஆஸ்பத்திரியில் நிரப்பச் சொன்ன ஒரு பாரத்தில். முதல் தடவை போனபோது மனநல ஆலோசகர் பொறுமையாகத்தான் விளக்கினார். "வாரத்துல ஒரு நாள்தான் நாம பாத்துக்கிறோம். மிச்ச ஆறு நாள் உங்க மனசு எப்படி இருக்குன்னு தெரியணும் இல்லையா? தினமும் பதினொரு மணிக்கு ஒரு மெசேஜ் வரும். மனசு எப்படி இருக்குன்னு ஒண்ணுலேருந்து ஒம்பதுக்குள்ள ஒரு நம்பர். கூடவே அன்னிக்கு வந்த நினைப்பு ஒரு வரி. அவ்வளவுதான்." பாரத்தில் செல்போன் எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அவளுடைய செல்போன் இரண்டு மாதமாக அலமாரியில் துணிக்கு அடியில் செத்துக் கிடந்தது. அது அடிப்பதைக் கேட்கச் சகிக்காமல் அவளேதான் அதை அங்கே போட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த புருஷன் தன் எண்ணை எழுதிவிட்டான். "என் நம்பர் போட்டா பிரச்சினையே இல்ல மேடம். நான் எப்பவும் ஆன்லைன்லதான் இருப்பேன்," என்று பெருமை வேறு.

அவன் சொன்னது வாஸ்தவம்தான். அவன் ஆப் மூலம் வாடகைக் கார் ஓட்டுகிறவன். எட்டு வருஷமாக அவன் வாழ்க்கையே ஸ்டாரில்தான் ஓடுகிறது. இறங்குகிற ஒவ்வொருத்தரிடமும் "சார், மறக்காம அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க" என்று குழைவான். எவனாவது இரண்டோ மூன்றோ போட்டுவிட்டால் போச்சு. அன்று முழுக்க முகத்தில் ஈயாடாது. சராசரி ஒரு அளவுக்குக் கீழே போனால் ஆப்காரன் ஆளைத் தூக்கிவிடுவான். அந்தப் பயத்தில் காருக்குள் தண்ணீர் பாட்டில், புதினா மிட்டாய், எலுமிச்சை வாசனை ஸ்பிரே என்று கல்யாண வீட்டுத் தட்டு மாதிரி அடுக்கி வைத்திருப்பான்.

அப்படிப்பட்டவன் கையில் பெண்டாட்டி தினமும் ஒரு மூன்றைக் கொடுத்தால் என்ன ஆகும்? அவனுக்கு அது அவள் மனசின் கணக்காகப் படவில்லை. தனக்கு அவள் போடுகிற ஸ்டாராகத்தான் பட்டது.

"நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது ஆரம்பித்தான். "ஒம்பதுக்கு மூணுன்னா என்ன அர்த்தம்? ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கிற அந்தம்மா என்னைப் பத்தி என்ன நினைக்கும்?"

"அது உங்களைப் பத்தி இல்ல."

"வீட்டுல நானும் அம்மாவும்தானே இருக்கோம்? வேற யாரைப் பத்தி?"

தட்டைக் கழுவிக்கொண்டிருந்த மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "எனக்கு எத்தனை போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். வேறு ஒரு வருஷமாக இருந்திருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று அவளுக்கு எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத்தான் தெம்பு இருந்தது.

மறுநாளிலிருந்து கவனிப்பு தொடங்கியது. அவன் அவளைப் பட்டறையில் இறக்கிவிடும்போது, "ஏசி போதுமா? பாட்டு ஏதாவது போடட்டுமா?" என்று கேட்டான். கண்ணாடியில் அவளைப் பார்த்து, பயணிகளைப் பார்த்து இளிப்பது போலவே இளித்தான். இறங்கும்போது கையில் ஒரு புதினா மிட்டாயைத் திணித்தான். பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷன் தன்னிடம் ஸ்டாருக்குப் பல்லைக் காட்டுகிறான் என்பதை நினைத்தால் அவளுக்கு உடம்பு கூசியது. மிட்டாயைப் பிளாஸ்டர் தொட்டியில் எறிந்தாள்.

இரண்டு மூன்று வாரம் இப்படி இழுத்தது. பிறகு அவன் திடீரென்று பேரம் பேசுவதை விட்டான். "எத்தனை?" என்பான், "மூணு" என்பாள், "சரி" என்று வைத்துவிடுவான். நினைப்பு என்ன என்று கேட்பதும் நின்றது. சில நாள் போனே வராது. ஒருவேளை மெசேஜ் அனுப்புகிறவர்களுக்கே அலுத்துவிட்டதோ என்று அவள் நினைத்தாள். ஆளை விட்டால் போதும் என்றிருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

இத்தனை கண்ராவிக்கும் நடுவில் அவளுக்கென்று ஒன்று இருந்தது என்றால் அது வியாழக்கிழமை மூன்று மணி.

ஆலோசகரின் அறையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, நின்றுபோன சுவர்க் கடிகாரம், திறக்க முடியாதபடி பெயிண்ட் ஒட்டிப்போன ஒரு ஜன்னல். ஆனால் அங்கே எதுவும் நாறவில்லை. ஆலோசகர் அவளைவிடச் சின்னவர். "எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. முதல் நாள் அவள், "எனக்கு எல்லாத்தையும் பாத்தா அருவருப்பா இருக்கு மேடம், என் கையைப் பாத்தாக்கூட" என்றபோது, "எந்தக் கை?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவள் சொல்வதைக் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவள் வாரம் முழுக்க உருண்டு புரண்டு வியாழக்கிழமையை எட்டிப் பிடிப்பாள். ஐம்பது நிமிஷம். மற்ற நாட்களை அவள் கழித்தாள். அந்த ஐம்பது நிமிஷம் மட்டும் இருந்தாள்.

பதினோராவது வியாழக்கிழமை உள்ளே நுழைந்தபோது மேஜையில் ஒரு கட்டுத் தாள் கிடந்தது. ஆலோசகர் வழக்கத்துக்கு மாறாக எழுந்து நின்று சிரித்தார்.

"உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. மெசேஜ் ரிப்போர்ட் வந்திருக்கு. பத்து வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமா அச்சடிச்சு அனுப்புவாங்க."

அவளுக்கு முதலில் அதுவே தூக்கிவாரிப் போட்டது. மிச்ச ஆறு நாள் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். அந்த ஆறு நாளும் ஏதோ ஓர் ஆபீஸில் மூட்டை கட்டிக் கிடந்து, பத்து வாரம் கழித்துத்தான் இந்த அறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆலோசகர் ஒரு படத்தை நீட்டினார். கீழே இடது மூலையில் தொடங்கி ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. "மூணுல ஆரம்பிச்சீங்க. இப்ப எட்டு. கடைசி மூணு வாரமும் சராசரி ஏழுக்கு மேல. இப்படி வந்தா நேர்ல வர வேண்டியதில்லைன்னு இங்க ஒரு முறை இருக்கு. இனிமே மெசேஜ் மட்டும் போதும். வெளியில நாப்பத்திரண்டு பேர் காத்துட்டு இருக்காங்க, உங்களுக்கே தெரியும்."

"நான் நல்லா இருக்கேனா?" என்று கேட்டாள் அவள்.

ஆலோசகர் அவள் முகத்தைப் பார்த்தார். எண்ணெய் காணாத தலை, மூன்று நாளாக மாற்றாத சட்டை, நகக்கண்ணில் பிளாஸ்டர். பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கும் குழப்பமாத்தான் இருந்துச்சு. ஆனா நேர்ல வரும்போது சில பேர் கஷ்டத்தை மட்டும்தான் சொல்வாங்க, மெசேஜ்லதான் நிஜம் வரும்னு மேல சொல்றாங்க."

பத்து வாரமாக எதிரில் உட்கார்ந்திருக்கிற முகத்தைவிட ஒரு தாள் பெரிதாகிவிட்டது. இத்தனை நாள் நாறாமல் இருந்த ஒரே அறையும் நாற ஆரம்பித்தது. அவள் கையை நீட்டித் தாள்கட்டை வாங்கிக்கொண்டாள்.

முதல் இரண்டு பக்கம் அவளுடையதுதான். 3, ஒன்றும் வரவில்லை. 3, ஒன்றும் வரவில்லை. 2, ஒன்றும் வரவில்லை. மூன்றாவது பக்கத்தில் கதை மாறியது.

'7. காலையில் சீக்கிரம் எழுந்தேன். என் கணவர் என்னை அன்பாக வேலைக்கு அழைத்துச் சென்றார்.'

'8. என் கணவர் மிகவும் பொறுமைசாலி. அவருக்கு நான் கடமைப்பட்டுள்ளேன்.'

'9. மாமியார் தங்கமானவர்.'

'8. பயணம் இனிமையாக இருந்தது.'

தனக்குத் தானே சான்றிதழ் எழுதிக்கொண்டிருக்கிறான்! அவன் தன் விரலை அவள் வாய்க்குள் விட்டு நாக்கை ஆட்டிவிட்டது போல இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஆஸ்பத்திரியின் தானியங்கிப் பதில் வேறு: 'மிக நன்று! உங்களை நீங்களே தட்டிக்கொடுங்கள்!'

"இதை நான் எழுதல மேடம்."

ஆலோசகருக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. போன் யாருடையது, பட்டறைக்கு யார் கூப்பிடுவார்கள், பேரம் எப்படி நடந்தது என்று அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஆலோசகர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் மிச்சப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். புரட்டாமல் இருந்திருக்கலாம்.

ஆறாவது வாரத்தில், இரண்டு எட்டுகளுக்கு நடுவில், இது இருந்தது.

'2. சிக்னல் பச்சை விழுந்தது. வண்டியை எடுக்க முடியவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது.'

கீழே பதில்: 'பகிர்ந்ததற்கு நன்றி! ஆழமாக மூச்சு விடுங்கள்.'

பிறகு மூன்று நாள் ஒன்பது. அதற்கப்புறம், '2. வீட்டு வாசல் வரை வந்துவிட்டு உள்ளே போகாமல் காரிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனால் யாரும் பேசமாட்டார்கள்.' எட்டாவது வாரத்தில், '1. ஏறுகிறவர்கள் எல்லோரிடமும் சிரித்துச் சிரித்து முகம் வலிக்கிறது. யாரும் இல்லாதபோதும் சிரிப்பு அப்படியே இருக்கிறது. கண்ணாடியில் பார்த்துப் பயந்துவிட்டேன்.'

அவள் தாளைத் திருப்பி ஆலோசகர் பக்கம் தள்ளினாள். "இதையெல்லாம் யாரும் படிக்கலையா?"

"நடுவுல ஒண்ணு ரெண்டு குறைஞ்சா சிஸ்டம் சராசரி போட்டுடும்," என்றார் ஆலோசகர் மெதுவாக. அவர் அந்த மூன்று வரிகளையும் திரும்பத் திரும்பப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் இளகியது. "இவ்வளவு நாள் அவர் யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கார். பாவம்."

பாவம் என்று அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஒரு நல்ல கதையில் தோன்றியிருக்கும். கண்ணில் நீர்கூட வந்திருக்கும். அவளுக்கு வந்தது அருவருப்பு, இதுவரை வந்ததிலேயே பெரிய அருவருப்பு. அவள் சம்பளத்தை எடுத்துக்கொண்டான், சரி. பாரத்தில் அவள் கட்டத்தை எடுத்துக்கொண்டான், போனால் போகிறது. கடைசியில் அவள் வியாதியைக்கூட விட்டுவைக்கவில்லையே. அவளுக்கென்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது ஒரு மூன்றுதான். அதைத் தூக்கித் தூர எறிந்துவிட்டு, அவள் பெயருக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு அழுதிருக்கிறான்.

"ஒண்ணு பண்ணலாம்," என்றார் ஆலோசகர். அவர் குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்திருந்தது. "அடுத்த வியாழக்கிழமை அவரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரையும் சேத்து உக்கார வெச்சுப் பேசலாம். உங்க நேரத்தையும் அப்படியே நீட்டிச்சுடலாம், மேல கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"வேண்டாம்."

அந்த அறையில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஆலோசகர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவரும் கஷ்டப்படறார்மா."

"படட்டும். அவருக்கு வேற நாள் குடுங்க. திங்களோ செவ்வாயோ, எந்த நாள் வேணா குடுங்க. வியாழக்கிழமை என்னுது. இந்த நாற்காலி என்னுது. அதுல பாதியை அவருக்குக் கொடுத்தா அவர் பல்லைக் காட்டியே முழுசையும் வாங்கிடுவார். உங்களுக்கே அவரைத்தான் பிடிச்சுப்போகும். இப்பவே பிடிச்சுப்போச்சு, உங்க மூஞ்சியில தெரியுது."

ஆலோசகர் சிவந்துபோனார். தாள்கட்டை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். வெறும் மேஜை நடுவே இருக்க, அவளைப் பார்த்துக் கேட்டார். "இப்ப இந்த நிமிஷம் உங்க நம்பர் என்ன?"

"மூணு."

"இவ்வளவு கோபம் வருதே, அப்பவும் மூணுதானா?"

"கோபம் வந்ததாலதான் மூணு. காலையில ரெண்டு."

ஆலோசகர் புதிதாக ஒரு பாரத்தை எடுத்துச் செல்போன் எண் என்ற கட்டத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் தன் எண்ணை எழுதினாள். கடைசி இரண்டு இலக்கம் மறந்துபோய், நெற்றியைத் தேய்த்து நினைவுபடுத்திக்கொண்டு எழுதினாள். ஒரு துண்டுச் சீட்டில் ஆலோசகர் வேறு ஒரு நாளும் நேரமும் எழுதிக் கொடுத்தார். அவருடைய பேனா அழுத்தியதில் சீட்டு லேசாகக் கிழிந்திருந்தது.

வெளியே ஆஸ்பத்திரி வாசலில் காரில் அவன் காத்திருந்தான். இவளைப் பார்த்ததும் எட்டிக் கதவைத் திறந்தான். எலுமிச்சை வாசனை குப்பென்று அடித்தது.

"என்ன சொன்னாங்க? நீ நல்லா ஆயிட்டேன்னு சொன்னாங்களா?" அவன் முகத்தில் அத்தனை ஆசை. "இனிமே வர வேணாம்னு சொல்லிட்டாங்களா?"

அவள் சீட்டை நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்தான்.

"செவ்வாய்க்கிழமை பத்து மணியா? உனக்கு வியாழக்கிழமைதானே?"

"எனக்கு வியாழக்கிழமைதான். இது உங்களுக்கு."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு போகவே இல்லை. கன்னத்தில் கிடந்து துடித்தது. "சும்மா ஒரு எட்டு போட்டேன்பா. கேஸை மூடிட்டாங்கன்னா எல்லாம் பழையபடி ஆயிடும்னு..." என்று இழுத்தான். பிறகு, "எல்லாத்தையும் படிச்சியா?" என்றான்.

"படிச்சேன்."

"சிக்னல்..."

"அதையும்."

சிரிப்பு அப்படியே உடைந்தது. மூக்கு ஒழுக, உதடு கோண, ஒரு அழகும் இல்லாமல் அழுதான். பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் வழி கேட்டது. ஆஸ்பத்திரிக் காவலாளி வந்து ஜன்னலைத் தட்டினான். அவளுக்குக் குமட்டியது. அவன் தோளைத் தொட அவள் கை எழவில்லை, எழாத கையை அவள் எழுப்பவும் இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் மடியில் வைத்தாள், அவ்வளவுதான்.

"அந்த எட்டும் ஒம்பதும் பொய்," என்றாள். "அந்த ரெண்டும் ஒண்ணும் நிஜம், ஆனா அது உங்களுது. செவ்வாய்க்கிழமை போய் உங்க பேரைச் சொல்லி அதைச் சொல்லுங்க. இனிமே என் பேர்ல அழாதீங்க."

அவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். சீட்டில் இருந்த நாளையும் நேரத்தையும் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தான். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுத்தான்.